பதினோரு மணி இன்டர்வியூவும் ஒரு பட்ஜெட் லேப்டாப்பும்

போன வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. ஒலக்கூர் பக்கத்தில் இருக்கும் என் அக்கா வீடு. அக்கா மகள் நித்யா, புது லேப்டாப்பில் கேமராவை ஆன் செய்தாள். திரையில் அவள் முகம் வரவில்லை. செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது.

பதினோரு மணிக்கு அவளுக்கு வீடியோ இன்டர்வியூ. டிகிரி முடித்து இரண்டு வருஷமாகக் காத்திருந்து வந்த அழைப்பு. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. இன்டர்வியூவில் டெஸ்ட்டும் உண்டு, செல்போன் உதவாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். அதற்காகவே வாங்கிய லேப்டாப்.

தேர்ந்தெடுத்தது யார்? சாட்சாத் நான்தான்.

அதற்கு இரண்டு நாள் முன்பு மூவரும் விழுப்புரம் போயிருந்தோம். பக்கத்துத் திண்டிவனத்திலேயே கடைகள் இருக்க, நாலு மாடல் பார்க்கலாம் என்று விழுப்புரத்துக்கு இழுத்துப் போனதும் நான்தான். கடைக்காரர் எங்களை விலை அதிகமான வரிசைக்கு அழைத்துப் போனார். நான் அவரைக் கடைசி வரிசைக்கு அழைத்து வந்தேன். வாரா வாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு...

"மெயிலு, டைப்பிங், இன்டர்வியூ. இதுக்குப் போயி என்னாத்துக்கு அவ்ளோ வெலை?" என்றேன். அக்காவையும் தயார்ப்படுத்தினேன். "மெதுவாத்தான் தெறக்கும்க்கா. ஒரே நேரத்துல பத்து வேலை குடுத்தா தெணறும். சவுண்டும் சுமார்தான். ஆனா நம்ம தேவைக்கு இது போதும்."

"நீ சொன்னா சரிதான் தம்பி" என்றாள் அக்கா. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்ற பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த 'நீ சொன்னா சரிதான்' இருக்கிறதே... வெள்ளிக்கிழமை காலை என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது அதுதான்.

லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். அது சாவகாசமாக எழுந்தது. மறுபடியும் செம்மண் தண்ணீர். கடைக்கு போன் செய்தேன். "அப்டேட் பண்ணிப் பாருங்க சார்" என்றார்கள். அப்டேட் போட்டால் அது மத்தியானம் வரை ஓடுமே? சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மணி பத்தே முக்கால்.

"வெலை கம்மின்னு வாங்கினு வந்தோம். இப்ப பேஜாரு பண்ணுது" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

எனக்கும் அதேதான் தோன்றியது. ஒரு பெண்ணின் வேலையை என் சிக்கன புத்தி கெடுத்துவிட்டது. நான் பயந்துபோனேன். நிஜமாகவே பயந்துபோனேன்.

நித்யா மட்டும் திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"மாமா, நேத்து பொட்டு வச்சது நீங்கதானே?"

ஆமாம், நான்தான். வியாழக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பைச் சாமி படத்தின் முன் வைத்துக் கற்பூரம் காட்டினோம். டிராக்டர் வந்தாலும் மிக்ஸி வந்தாலும் எங்களுக்கு முதலில் பொட்டுதான். மூடியின் மேல் வைத்தால் கம்பெனி பெயர் மறையும். அதனால் திறந்து, திரைக்கு நெற்றி எது என்று யோசித்து, மேலே நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அங்கே ஒரு குட்டிப் புள்ளி வேறு இருந்தது. வசதியாக அடையாளம் போட்டே கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்!

அந்தப் புள்ளிதான் கேமரா.

காலையிலிருந்து எங்கள் கண்ணெதிரேதான் இருந்தது. பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் பொட்டு இருந்தால் யாருக்குத் தப்பாகத் தெரியும்?

நித்யா துப்பட்டா நுனியை நனைத்துத் துடைத்தாள். படம் வந்தது. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன்; கொடுத்த விலைக்கு நியாயமான படம். அவள் தோளுக்குப் பின்னால் வியர்த்து வழிகிற என் முகமும் தெளிவாகத் தெரிந்தது.

"மாமா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றாள்.

முக்கால் மணி நேரம் வாசலில் நடந்தேன். உள்ளே அவள் குரல் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. லேப்டாப் ஒரு தடவைகூடத் திணறவில்லை. திணறியதெல்லாம் நான்தான்.

விலை குறைந்த பொருளின் தலையெழுத்தைப் பார்த்தீர்களா? வீட்டில் யார் தப்பு செய்தாலும் பழி அதன் மேல்தான் விழுகிறது. விலை அதிகமான லேப்டாப்பாக இருந்திருந்தால், 'நாம என்ன பண்ணித் தொலைச்சோம்?' என்று முதலிலேயே யோசித்திருப்போம். இந்த லேப்டாப்பிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று கடையில் அத்தனை பேசினேன். என்னிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று யாரும் அக்காவுக்குச் சொல்லவில்லை.

நேற்று அக்கா போன் செய்தாள். நித்யாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மொத சம்பளத்துல பிரிண்டர் வாங்கணும்ன்றா. நீயே வந்து பாத்து எடுத்துக் குடு தம்பி" என்றாள். பிறகு சேர்த்துச் சொன்னாள்:

"பொட்டு மட்டும் நான் வச்சிக்கிறேன்."