வளவனூரில் இறக்கிவிடப்பட்டவள்

என் மகளை என் மகள் இல்லை என்று சொன்னவன் நான். அதுவும் ரயிலில், அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தபோது!

பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மாதா கோயிலில் எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். சாமியாரிடம் மற்றதையெல்லாம் சொன்னேன். இதை மட்டும் விழுங்கிவிட்டேன். உங்களிடம்தான் முதன்முதலாக...

கரும்புப் பணம் கைக்கு வந்தால்தான் எங்களுக்கு ரயில். வராத ஆண்டில் வில்லியனூரைத் தாண்ட மாட்டோம். அந்த ஆண்டும் பணம் வரவில்லை. ஆனால் விழுப்புரத்தில், மாமனார் வீட்டில், மனைவிக்குக் குழந்தை பிறந்திருந்தது. போகாமல் இருக்க முடியுமா? எட்டு வயது செலினை அழைத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் திரும்பும்போது டிக்கெட் கவுண்டரில் திகைத்து நின்றேன். அன்று காலை முதல் கட்டணம் உயர்ந்திருந்தது! என் டிக்கெட் போக மிஞ்சிய சில்லறை செலினின் அரை டிக்கெட்டுக்குப் போதவில்லை. பஸ்ஸுக்கோ இன்னும் கூடுதல். மாமனாரிடம் திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். ரோஷம்... பாழாய்ப்போன ரோஷம்! டிக்கெட் இல்லாமலே அவளை ஏற்றிவிட்டேன்.

வளவனூர் நெருங்கும்போது பரிசோதகர் வந்தார்.

"இந்தப் பொண்ணு யாரு?"

அபராதம், போலீஸ்...

"தெரியல சார். யாரு புள்ளையோ."

என் வாயா அது? செலின் என்னை ஒரு முறை பார்த்தாள். அழவில்லை. வளவனூரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். வண்டி நகர்ந்தது... நான் எழுந்திருக்கவே இல்லை! எப்படி உட்கார்ந்திருந்தேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஸ்டேஷனில் குதித்து, தண்டவாளத்தோடு திரும்பி ஓடினேன். வளவனூர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாய்யா, உன் பொண்ணா இது?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இல்ல சார். எங்க ஊர்க்காரரு. வூட்ல வுட்டுடுவாரு."

எட்டு வயதுக் குழந்தை! என்னைக் காப்பாற்றினாளா? கைகழுவினாளா? கேட்க எனக்குத் துணிவில்லை. அவளும் யாரிடமும், தன் தாயிடம்கூட, அதைப் பற்றிப் பேசியதில்லை.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். சென்ற ஞாயிறு செலினின் கல்யாண ஓலையை முதல் முறை வாசித்தார்கள். என் பெயரைச் சொல்லி, "இவருடைய மகள் செலின்" என்று சாமியார் படித்தார். மறுப்பு உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். பெண்கள் பக்கம் பார்த்தேன். அவள் எழுந்துவிடுவாளோ என்று எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது!

அவள் எழவில்லை.

இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும்.