பந்தியில் என் கைகள்

சிறுநீரகக் கட்டியைக் கோவையில் அறுவை செய்து எடுத்த பிறகும் என் நுரையீரலில் சில புள்ளிகள் தெரிந்தன. அதற்காக டாக்டர் மாத்திரை கொடுத்தார். கட்டி வளர ரத்தம் வேண்டும், அதற்காக அது ஒரு சுரப்பை வெளியே விட்டுப் பக்கத்து ரத்தக்குழாய்களிலிருந்து புதுக் கிளைகளைத் தன் பக்கம் வளர வைக்கும், அந்த வேலையை இந்த மாத்திரை தடுக்கும் என்றார். உள்ளங்கை உரியலாம் என்றும் சொன்னார். உயிர் போகிற கவலையில் கையைப் பற்றி யார் நினைப்பார்கள்?

கை சிவந்து கொப்புளித்து உரியத் தொடங்கிய சமயத்தில், ஊட்டிப் பக்கம் கேத்தியில் என் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. என் நோயைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் மூச்சு விடக் கூடாது என்று நாத்தனார் கேட்டுக்கொண்டாள். நான் அந்தப் பெண்ணுக்கு மாமன் மனைவி, ரத்த சொந்தம்கூட இல்லை. ஆனாலும் சம்பந்தம் தட்டிப்போகுமோ என்று நாத்தனாருக்குப் பயம்.

பந்தியில் ஆள் போதாமல் கேசரிப் பாத்திரத்தை நான் எடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பார்த்துவிட்டு இலையைத் தன் கையால் மறைத்தார். தனக்குச் சர்க்கரை நோய், இனிப்பு வேண்டாம் என்றார். ஆனால் பின்னால் இன்னொரு பாத்திரத்தோடு வந்த பெண்ணிடம் கேசரி வாங்கிக்கொண்டார். அடுத்தடுத்த இலைகளையும் கைகள் மூடின. நாத்தனார் வந்து பாத்திரத்தை வாங்கினாள்.

"அண்ணி, நீங்க உள்ளார போய் உக்காருங்க."

உள்ளறையில் கையைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தாறு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளைபோல முகம் எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மாவே உள்ளே வந்தார். "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அது ஒட்டிக்குமுங்களா?" என்றார்.

அலர்ஜி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஒட்டாதுங்க. எனக்குக் கேன்சர். கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்காம இருக்க மாத்திரை சாப்பிடறனுங்க. அதுல உரியுது."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "கேசரிய வேண்டான்னது எனக்கே ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றார்.

நிச்சயம் நடந்தது. நோயைச் சொல்லிவிட்டேன் என்று நாத்தனார்தான் கல்யாணம் வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். கை ஓரளவு தேறியது. புள்ளிகள் வளரவில்லை என்று அடுத்த ஸ்கேனில் தெரிந்தது.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மா எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு, பெண்ணுக்குச் சந்தனம் பூசச் சொன்னார். எனக்கு மரியாதை செய்யத்தான் கூப்பிட்டார். எனக்கோ மண்டபம் முழுக்க என் கையையே பார்ப்பதுபோல் இருந்தது. குளிர் என்று சொல்லி, சந்தனத்தைத் தொடாமல், சால்வையை விலக்காமல் நின்றுவிட்டேன்.