கோடு கீறிய இருபத்தேழு நாட்கள்

ஆறு வருடங்களுக்கு முன்னர் கொழும்பில் வைத்து என் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் விட்டது ஒரு கதலி வாழைப்பழமளவு. நானாகக் கேட்டு, நானாகக் கையெழுத்து வைத்துச் செய்துகொண்ட வேலை என்பதால் யாரையும் குறைசொல்ல வழியில்லை. நூற்றுப் பன்னிரண்டு கிலோவோடு போனவள் ஒன்றரை வருடத்தில் எழுபத்து நான்குக்கு வந்தேன். அந்த நாட்களில் ஒருநாள் கோப்பாய்ச் சந்தியில் என் கணவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார். பின்னால் நான் ஏறவில்லை என்பது வாசல் படலையடியில்தான் அவருக்குத் தெரிந்ததாம். முன்பென்றால் நான் ஏறியதும் வண்டியே ஒருமுறை முனகும். அன்று தெருவில் தனியே நின்று நான் பட்ட சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

போன கிலோக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எழுபத்தெட்டு, எண்பத்து மூன்று, தொண்ணூறு, தொண்ணூற்றேழு. நான் கணித ஆசிரியை. ஏறுவரிசை எது என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தராசைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். முழங்காலை அப்படித் தள்ள முடியவில்லை. மேல்மாடியில் இருந்த பத்தாம் வகுப்புக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்று, எதிரே வரும் பிள்ளைகளிடம் வீட்டுவேலை செய்தாயிற்றா, அம்மா சுகமா என்று விசாரிப்பேன். மூச்சு வாங்குவதை மறைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலேயே அக்கறையான ரீச்சர் என்று எனக்குப் பெயர் வந்தது.

அப்போதுதான், முதலில் செய்த சத்திரசிகிச்சையைத் திருத்தி இரண்டாவதாக ஒன்று செய்யலாம் என்று கேள்விப்பட்டேன். மிச்சமிருக்கும் இரைப்பையை இன்னும் சிறிதாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி நேரே பொருத்திவிடுவார்களாம். கேட்டவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால், எனக்குக் கத்தி வேண்டியிருக்கவில்லை. பிழை உன்னுடையதல்ல, உன் இரைப்பையினுடையது என்று படித்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்பதே என் ஆசை.

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு சிங்கள டொக்டர் வருவார். நல்ல மனிதர். தமிழ் அளவாகப் பேசுவார். சிக்கலானதைப் பக்கத்தில் இருக்கும் உணவு ஆலோசகர் எடுத்துச் சொல்வாள். அவள் சாவகச்சேரிப் பிள்ளை. இரண்டாம்முறை வெட்டுவது முதல்முறை போல் லேசு அல்ல, உள்ளே பழைய தழும்பு இருக்கும், ஒட்டிய இடம் கசியலாம், சத்து மாத்திரையை வாழ்நாள் முழுக்க விடக்கூடாது என்றெல்லாம் டொக்டர் சொன்னார். நான் நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினேன். இரைப்பைக்குள் கமரா விட்டுப் பார்க்கவும், மருந்து குடித்து ஒரு படம் எடுக்கவும் துண்டு எழுதித் தந்தார். கடைசியாக ஒரு கொப்பியையும் தந்தார்.

“ஒரு மாசம். வாயில போறது எல்லாம் எழுதுங்க, ரீச்சர்.”

அடுத்த நாளே கேதாரகௌரி விரதம் தொடங்கியது. இருபத்தொரு நாள். அது முடிந்த மறுநாள் கந்தசஷ்டி, அது ஆறு நாள். இந்த இருபத்தேழு நாளும் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிற மனிதர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். நான் அந்த வகை அல்ல. எங்கள் வீட்டில் விரதமென்றால் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, சட்டி பானை கழுவி வைத்தாயிற்று, குளித்துச் சாமி கும்பிட்டபின் ஒரு நேரச் சோறு. சோற்றுக்கு ஆறு கறி, வடை, பாயாசம். சாமிக்குப் படைக்காமல் ஒன்றும் வாயில் வைப்பதில்லை. அதனால் படைப்பது கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.

முதல்நாள் கொப்பியை விரித்தேன். திகதி போட்டேன். பேனா நின்றுவிட்டது. சாமிக்குப் படைத்ததை எப்படி எழுதுவது? அதைச் சாப்பாடு என்று யாராவது சொல்வார்களா? மீனும் முட்டையும் பாணும்தான் சாப்பாடு. இது விரதம். பக்கத்தின் குறுக்கே அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோடு கீறினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்கு அதில் எந்தக் கள்ளமும் தெரியவில்லை. இருபத்தேழு நாளும் அப்படியே கோடு. மாதத்தில் மிச்சமிருந்த நான்கு நாளையும் மிக நேர்மையாக எழுதினேன். இரண்டு இடியப்பம், ஒரு கரண்டி சொதி, அரை முட்டை. அரை முட்டை என்று எழுதியபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் கொப்பியைப் புரட்டினார்.

“இந்த நாள் என்ன?”

“விரதம், டொக்டர்.”

“இந்த நாள்?”

“அதுவும் விரதம்.”

அவர் ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். போகப் போக அவருடைய கண்ணில் இரக்கம் ஏறிக்கொண்டே வந்தது. தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தேன். இருபத்தேழு நாள் பட்டினி கிடந்தும் நிறை கூடிய ஒரு பெண்ணை அந்த மனிதர் தன் அனுபவத்தில் கண்டிருக்கமாட்டார். கமராவிலும் படத்திலும் இரைப்பை விரிந்ததாகத் தெரியவில்லை என்றார். இரைப்பை சரி, சாப்பாடும் இவ்வளவுதான் என்றால், குடலின் வழியை மாற்றிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது என்றார். யோசித்து அடுத்த மாதம் நான் முடிவைச் சொல்லவேண்டுமாம், கொழும்பில் ஒழுங்கு செய்யலாமாம்.

அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. அவர் என் கோடுகளைப் பட்டினி என்று நினைத்துவிட்டார். வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் திறக்கவில்லை. பிழை உன்னுடையதல்ல என்று அந்த முகம் சொல்லிக்கொண்டிருந்தது. வருடக்கணக்காக நான் காத்திருந்த முகம் அது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கள்ளம் அங்கேதான் தொடங்கியது.

வெளியே நடைவழியில் அந்தச் சாவகச்சேரிப் பிள்ளை பின்னால் வந்தாள்.

“ரீச்சர், எங்கடை வீட்டிலையும் கௌரிக்காப்பு விரதம் பிடிக்கிறவை. அம்மா சுட்ட அரியதரத்தாலை எனக்கு ரெண்டு கிலோ ஏறிப்போச்சு. உங்களுக்கு எப்பிடி?”

நான் கைப்பையைத் திறந்து, ஒன்றுமில்லாத ஏதோ ஒன்றைத் தேடினேன்.

“டொக்டருக்கு நீர் சொல்லியிருக்கலாம்தானே, பிள்ளை?”

“கொப்பி உங்கடை. வயிறும் உங்கடை. நீங்கள்தான் சொல்லவேணும். ஆனா அவர் உந்தக் கோட்டைப் பாத்துத்தான் வெட்டப்போறார், ரீச்சர்.”

வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. என் வயிற்றைத் திறப்பதற்குக் காரணமாக இருக்கப்போவது நான் அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு. நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு பயமும் வந்தது. நாலாம் நாள் கொப்பியை எடுத்துக்கொண்டு பின்விறாந்தைக்குப் போனேன். கணவர் அங்கே வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். விரத நாட்களில் நான் பூசை பார்ப்பேன், சமையல் அவருடையது.

“இஞ்சருங்கோ, விரதம் துவங்கின முதல்நாள் நான் என்ன சாப்பிட்டனான்?”

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“காலமை ரெண்டு பிளேன்ரீ, பனங்கட்டி கடிச்சுக்கொண்டு. பதினொரு மணிக்கு ரெண்டு வாழைப்பழம். பின்னேரம் சோறு கொஞ்சம், பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வடை ரெண்டு. பாயாசம் மூண்டு தரம்.”

“மூண்டு தரமோ?”

“நாலெண்டுதான் சொல்ல வந்தனான். உம்மடை முகத்தைப் பாத்திட்டுக் குறைச்சனான்.”

“நீங்கள் என்ரை முகத்தைப் பாக்கவே இல்லையே.”

“பாக்காமலே தெரியும்.”

இருபத்தேழு நாளும் அவருக்கு ஞாபகம் இருந்தது. மோதகம் எத்தனை, அவலுக்குள் தேங்காய்ப்பூ எவ்வளவு, நித்திரையால் எழும்பி வந்து பஞ்சாமிர்தத்தில் நான் வைத்த விரல் உட்பட. நான் ஒவ்வொரு கோட்டுக்குக் கீழேயும் எழுதினேன். சோறு அந்தச் சின்ன இரைப்பையில் நின்று நோகும், அதனால் சோற்றை நான் தொட்டும் தொடாமலும் விட்டிருக்கிறேன். இனிப்பாகவும் தண்ணீராகவும் இருப்பதெல்லாம் நோகாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறது. நாள் முழுக்க இறங்கியிருக்கிறது. பக்கங்கள் போதாமல் ஓரத்திலும் எழுதவேண்டியிருந்தது.

“இவ்வளவும் உங்களுக்கு என்னெண்டு ஞாபகம்?” என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

அவர் வெங்காயப் பிடியைக் கீழே வைத்தார்.

“ஒப்பரேஷன் முடிஞ்சு வந்த புதிசிலை ரெண்டு கரண்டியோடை கோப்பையைத் தள்ளிப்போடுவீர். எனக்குப் பயமாக்கிடக்கும். பாயாசம் ஒண்டுதான் முழுக்க இறங்கினது. நீர் கோப்பையை வழிச்சுக் குடிச்சதைப் பாத்தாப் பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அதுக்குப் பிறகு நான் அதை விடேல்லை.”

“இப்ப திரும்ப வெட்டுறதைப்பற்றி நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே.”

“உம்மடை உடம்பு. நான் என்னெண்டு சொல்லுறது? வெட்டுறதெண்டா வெட்டும், நான் வெளியிலை இருப்பன். ஆனா போனமுறை அந்த ஆசுப்பத்திரிக் கதிரையிலை இருந்த மாதிரி இனி ஒருக்கால் என்னாலை இருக்கேலாது.”

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். எது அவருடைய பதில் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் இந்த மனிதர் ஒரு தடவைகூடத் தன் பயத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று எனக்கு அவர்மேல் கோபமும் பாசமும் ஒன்றாக வந்தன.

அடுத்த கிளினிக்கில் கொப்பியை நானே வாசித்தேன். பக்கத்தில் அந்தப் பிள்ளை சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். டொக்டர் இரண்டாம் பக்கத்திலேயே பேனாவை மூடிவிட்டார்.

“அரியதரம் என்ன?”

“அரிசிமா, சர்க்கரை. எண்ணெயிலை பொரிக்கிறது,” என்றாள் பிள்ளை.

“விரதத்தில?”

“சாமிக்குப் படைச்சது, டொக்டர்,” என்றேன் நான், தலையைக் குனிந்துகொண்டு.

அவர் சிரித்த சிரிப்பில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபின் நேராக உட்கார்ந்தார். இதற்காக உங்களைத் துரத்தமாட்டேன் என்றார். திருத்தும் சத்திரசிகிச்சை சிலருக்கு உண்மையாகவே தேவை, சிலருக்கு நல்லதும் செய்கிறது. புளிச்ச ஏப்பம் தாங்கமுடியாதவர்கள், பழைய இரைப்பை விரிந்துபோனவர்கள். எனக்கு அந்த இரண்டும் இல்லை. அப்படியும் செய்யலாம். ஆனால் புதிய வழியாலும் பாயாசம் போகும். போனபிறகு நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், சிலருக்கு மயக்கம் வரும்.

“நான் செய்யலாம். செய்யாமலும் விடலாம். நீங்க சொல்லுங்க, ரீச்சர்.”

சொல்லுமுன் ஒன்றைக் கேட்காமல் என்னால் இருக்கமுடியவில்லை. “நிறை திரும்பி வந்தது என்ரை பிழையோ, டொக்டர்?”

பிள்ளை அதை மொழிபெயர்க்க வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இல்ல. உடம்பு பழைய நிறைக்குப் போகத்தான் பார்க்கும். அது உங்க பிழை இல்ல. கொப்பி மட்டும் உங்க பிழை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வருடக்கணக்காகக் காத்திருந்த வார்த்தை, கள்ளம் பிடிபட்ட அன்றுதான் கிடைத்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, இப்போதைக்கு வெட்டவேண்டாம் என்றேன். உள்ளதை உள்ளபடி எழுதி, சாப்பிடும் விதத்தை மாற்றிப் பார்க்கிறேன், அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் வருகிறேன் என்றேன். கதவு பூட்டவில்லை, வாங்க என்றார். வெளியே வந்து கணவரிடம் சொன்னேன். அவர் “ம்” என்றார். பிறகு மோட்டார் சைக்கிள் திறப்பை மூன்று சட்டைப்பை தடவியும் காணாமல் தேடினார். திறப்பு கையிலேயே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் வழமைபோலப் பரிமாற வந்தார். நான் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். இவ்வளவு காலமும் எனக்குப் போட்டுவிட்டுத் தான் பிறகு தனியே சாப்பிடுகிறவர். முதலில் பயற்றங்கறியும் முளைக்கீரையும், பிறகு ஒரு பிடி சோறு, பாயாசம் கிடையாது. நான் ஆறுதலாக மென்று சாப்பிட்டேன். பாதியில் வயிறு போதும் என்றது.

“காணும்,” என்றேன்.

எங்கள் ஊரில் முதல் ‘காணும்’ கணக்கில் இல்லை. வேண்டாம் என்பவளுக்கு இன்னொரு கரண்டி போடவேண்டும். அவள் கையால் கோப்பையை மறைக்கவேண்டும். விரலுக்குள்ளால் இன்னும் கொஞ்சம் ஊற்றவேண்டும். மூன்றாம் முறை சொன்னால்தான் அவளுக்கு உண்மையிலேயே போதும் என்று அர்த்தம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். இந்தமுறை உண்மையாகவே பார்த்தார். பிறகு கரண்டியைச் சட்டிக்குள் வைத்து மூடியால் மூடிவிட்டு, தன் சோற்றைப் பிசையத் தொடங்கினார். என் ஒற்றைச் சொல்லை முதற்தடவையாக ஒருவர் நம்பினார்.

ஆனாலும் மனுஷன் இன்னும் ஒருதரம் கேட்டிருக்கலாம்.