மூன்றாவது அழுகை

வெள்ளிக்கிழமை காலை பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தபோது நான் அக்காவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். வார்டு நர்ஸ் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அவர் குரல் தணிந்ததிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, கலகெதரவில் இருக்கும் அக்காவின் மகள் ரூத்துக்கு எடுத்தேன். நான் வாய் திறக்கும் முன்பே அவள் கேட்டாள்.

"அவங்க போயிட்டாங்களா, சின்னம்மா?"

பெற்ற தாயை அவள் 'அவங்க' என்றுதான் சொல்லுவாள். நேரில் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள்.

என் அக்கா ஞானமணியைக் கண்டிச் சபையார் 'மிஷனரி அம்மா' என்று அறிவார்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அக்கா நர்ஸானார். ஊழியக்காரரான தேவதாசன் அத்தானைக் கட்டிக்கொண்டார். தாய்லாந்தின் வடக்கு மலைகளில் அகா என்றொரு மக்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகப்போகிறோம் என்று இருவரும் ஒருநாள் வந்து நின்றார்கள். அம்மா அழுதார். அக்கா சிரித்தார்.

"மலையில பொறந்தவளுக்கு மலை என்ன புதுசு? இங்க தேயில, அங்க நெல்லு. அட்டை ரெண்டு எடத்துலயும்தான் கடிக்கும்."

ரோடு முடிந்த இடத்திலிருந்து ஒரு பகல் முழுக்க ஏறினால்தான் அந்தக் கிராமமாம். மூங்கில் வீடுகள். வயலுக்குப் போகும்போதும் வெள்ளிக் காசு தைத்த தொப்பியைக் கழற்றாத பெண்கள். அத்தான் அங்கே எத்தனை பேரை விசுவாசத்துக்குக் கொண்டுவந்தார் என்பது எனக்குத் தெரியாது. அக்காவிடம் கேட்டால் பிரசவங்களைப் பற்றித்தான் பேசுவார்.

அங்கே பார்த்த முதல் பிரசவத்திலேயே அக்கா பெரிய தவறு செய்துவிட்டார். குழந்தை விழுந்து அழுததும், நர்ஸ் பழக்கத்தில் சட்டென்று தூக்கித் துடைத்திருக்கிறார். சுற்றி நின்ற பெண்கள் பயந்து பின்வாங்கிவிட்டார்கள். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அகாக்களிடம் பிறந்த பிள்ளை மூன்று முறை அழ வேண்டும். முதல் அழுகையில் உயிரைக் கேட்கிறது, இரண்டாவதில் ஆசியை, மூன்றாவதில் நீண்ட ஆயுளை. கேட்டு முடிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. கேட்டு முடித்துவிட்டால் ஒரு கணமும் தாமதிக்கக்கூடாது. உடனே தூக்கிவிட வேண்டும். மருத்துவச்சி மீசூ இதை அவருக்கு விளக்கியபோது, அக்காவுக்கு அந்த மொழியில் பாதிதான் புரிந்ததாம். மீதியை அந்தத் தாயின் முகம் புரியவைத்தது என்றார்.

அதற்குப் பிறகு அக்கா துணியை விரித்துப் பிடித்தபடி காத்து நிற்கப் பழகினார். மூச்சு விடாத பிள்ளைக்கு மட்டும் காத்திருந்ததில்லை. அதை மீசூவும் காலப்போக்கில் ஒப்புக்கொண்டாள். அத்தானுக்குத்தான் இது பிடிக்கவில்லை. ஆவி நம்பிக்கைக்கு இடம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். "புள்ள அழுறது ஆண்டவருக்குத்தான் கேக்குது. எத்தன தடவன்னு அவரே பாத்துக்கட்டும்" என்று அக்கா அவர் வாயை அடைத்தாராம். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் ஒரு நர்ஸுக்கு ஆகக் கஷ்டமான வேலை என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ரூத் அந்த மலையில்தான் பிறந்தாள். மீசூதான் பார்த்தாள். மூன்று முறையும் ஊர் அதிர அழுதாளாம்.

பள்ளிக்கூட வயது வந்ததும் அவளை என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். பேராதனை ஸ்டேஷனில் கொழும்பு ரயில் புறப்படும் நேரம். அக்கா பிள்ளையின் கையை எடுத்து என் கையில் வைத்தார்.

"புள்ள ஒன் கையிலடி."

அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்துவிட்டார். ரூத் மேடையில் விழுந்து புரண்டு அழுதாள். ஜன்னலில் அக்காவின் பின்னந்தலை தெரிந்தது. அது திரும்பவே இல்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்றும் முழுதாகத் தீரவில்லை. இறந்தவரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்பார்கள். இதை விட்டுவிட்டு எழுதினால் அது என் அக்காவாக இருக்காது.

இடையிடையே வந்து போனார்கள். ஒருமுறை மீசூ தைத்துக் கொடுத்தாளென்று, அக்கா விதைமணி கோத்த கறுப்புச் சட்டையொன்றைக் கொண்டுவந்தார். ரூத் அதை அலுமாரிக்குள் போட்டவள் எடுக்கவேயில்லை. வளர்ந்த பின் ஒருநாள் என்னிடம் சொன்னாள்:

"அந்த மலையில எல்லாப் புள்ளைக்கும் அவங்க அம்மாவா இருந்தாங்க. எனக்கு நீங்க இருந்தீங்க. போதும், சின்னம்மா."

அத்தானை அந்த மலையிலேயே அடக்கம் செய்துவிட்டு அக்கா தனியாகத் திரும்பினார். என் வீட்டு முன்னறையில்தான் கடைசிவரை இருந்தார். ரூத் நத்தார்ப் பண்டிகைக்கு வருவாள், கதிரையின் நுனியில் உட்காருவாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்புவாள். அவள் போன பிறகும் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். யாருக்காக எரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை ரூத் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டிலருகே பிளாஸ்க்கோடு நின்றாள். அக்காவுக்குப் பேச மூச்சு போதவில்லை. ஆனாலும் பேசினார்.

"ஸ்டேஷன்ல நீ அழுதது எனக்குக் கேட்டிச்சும்மா. ஒரு தடவ. ரெண்டாவது தடவ. மூணாவதும் கேட்டிச்சு. ஊராம் புள்ளைங்க மூணாவது அழுகைக்குத் துணியோட நின்ன கை இது. ஒனக்கு நான் எறங்கி வரல."

ரூத் பிளாஸ்கை வைத்தாள், போர்வையைச் சரிசெய்தாள், போய்விட்டாள். அக்கா அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: "திரும்ப வருவாளா?" வருவாள் என்றேன். வெள்ளிக்கிழமை விடியும்வரை அவள் வரவில்லை.

ஞாயிறு மாலை, தூறல் விடாத வானத்தின் கீழ், கலஹாவில் எங்கள் தாய்தகப்பன் பக்கத்தில் அக்காவை அடக்கம் செய்தோம். ரூத் வந்திருந்தாள். அலுமாரிக்குள் மடித்தே கிடந்த அந்தக் கறுப்புச் சட்டையைக் கொண்டுவந்து அக்காவின் காலடியில் வைத்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. போதகர் ஜெபம் முடித்து, பெட்டியை மூட ஆட்கள் குனிந்தபோதுதான் அவளிடமிருந்து அந்த அழுகைச் சத்தம் வந்தது. நான் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"விடுங்க சின்னம்மா. தொடாதீங்க."

சேற்றில் முழந்தாளிட்டு, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் முறை அழுதாள். ஆட்கள் மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். மூன்றாம் முறை "அம்மா" என்று அழுதாள். பிறகு அழுகையை நிறுத்தி, முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தாள்.

தூக்க வேண்டியவர் பெட்டிக்குள் கிடந்தார்.

நான்தான் குனிந்து தூக்கினேன். இம்முறை அவள் தட்டிவிடவில்லை.

போங்கள், அக்கா. அத்தானிடம் போய்ச் சேருங்கள். பிள்ளை என் கையில் இருக்கிறாள்.