ஐயா பட்டம்

2024ஆம் ஆண்டு ஜூலை மூன்றாம் தேதி, புதன்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடத்திற்கு நான் ஐயா ஆனேன்.

இளங்கலைத் தமிழ் இலக்கியம், முதலாண்டு, முதல் வகுப்பு. பேராசிரியர் வருகைப் பதிவுக்காக ஒவ்வொரு பெயராக வாசித்தார். எங்கள் துறையில் ‘பிரசன்ட்’ என்று சொல்லக்கூடாது. ஆசிரியர் ஆணென்றால் ‘உள்ளேன் ஐயா’, பெண்ணென்றால் ‘உள்ளேன் அம்மா’. பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். என் பெயர் வந்ததும் எழுந்து நின்று, ஒற்றெழுத்துக்கூடத் தேயாமல், ‘உள்ளேன் ஐயா’ என்றேன். எதிரே இருந்தவர் மாம்பழ நிறச் சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக இருந்தார்.

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

மறுநாள் உப்பளத்து நிறுத்தத்தில் புதுச்சேரிப் பேருந்தில் ஏறினேன். மரக்காணத்திலேயே ஏறிவிடும் என் வகுப்பு மாணவியர் சிலர் கடைசி இருக்கையில் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி போன்றவள் எழுந்து நின்று, சுடிதாரில் ஏறிய என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“ஐயா வர்றாங்க, வழி உடுங்கடீ.”

வசை என்றால் வசை என்று சொல்லலாம். இவர்களுடையது மரியாதை. நான் வகுப்பில் நுழைந்தால் பின்வரிசை எழுந்து நிற்கும். ஐயா சாப்பிட்டார்களா, ஐயாவுக்கு மின்விசிறிக் காற்று வருகிறதா என்று விசாரிக்கும். கைப்பேசியில் ‘ஐயா அடிப்பொடிகள்’ என்றொரு குழு தொடங்கினார்கள். நான் தண்ணீர் குடிக்கும் படத்தை அதில் போட்டு, ‘ஐயா நீர் அருந்தும் அரிய காட்சி’ என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தொடரில் ஒரு பிழையும் இல்லை என்பது எனக்குக் கூடுதல் வருத்தம்.

ஒருமுறை பேராசிரியரிடம் முறையிட்டேன். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்கள் என்றேன். மீதியைச் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். மீதி இல்லை.

“மரியாதையாத்தானே கேக்குறாங்க?” என்றார்.

இதற்குப் பிறகு வருகைப் பதிவின்போது என் பெயர் நெருங்க நெருங்க, பின்னால் பெஞ்சுகள் நகரும் ஓசை எனக்குக் கேட்கத் தொடங்கியது. ‘உள்ளேன்’ என்பதை முதலில் மெதுவாகச் சொன்னேன். பிறகு கையை மட்டும் உயர்த்தினேன். பிறகு அதுவும் இல்லை. பேராசிரியர் தலைநிமிராமல் வாசிப்பவர். குரல் கேட்கவில்லையென்றால் ஆள் வரவில்லை. நாள் தவறாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தபடியே நான் வராதவளானேன்.

இந்தப் பேசாமை வகுப்போடு நிற்கவில்லை. கடையில் வேண்டிய சோப்பை விரலால் சுட்டிக் காட்டினேன். வீட்டில் அம்மா எது கேட்டாலும் தலையசைத்தேன். காலேஜ் போய்ப் பெண்ணுக்கு அடக்கம் வந்துவிட்டது என்று அவர் அத்தையிடம் பெருமையாகச் சொன்னார். பாடத்தில் ஐயம் எழுந்தால், அதைக் கேட்பதற்கான வாக்கியத்தை மனத்துக்குள் முழுமையாக அமைத்து, முற்றுப்புள்ளியும் வைத்து, அங்கேயே விட்டுவிடுவேன்.

செப்டம்பரில் அறிவிப்புப் பலகையில் என் பெயர் வந்தது. வருகை குறைவு, பெற்றோருடன் வந்து பேராசிரியரின் பரிந்துரைக் கையெழுத்தைப் பெறாவிட்டால் பருவத்தேர்வு எழுத முடியாது.

அப்பாவிடம் கையெழுத்து என்று மட்டும் சொன்னேன். விடியுமுன்பே அளத்துக்குப் போய், பாத்திகளில் உப்பை வாரி வரப்பில் குவித்துவிட்டு வந்து, குளித்து, கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பேருந்தில் எனக்கு முன்னால் அவர் ஏறினார். அவருக்குப் பின்னால் என் தலை தெரிந்ததுமே பின்னிருக்கை எழுந்துவிட்டது.

“வாங்க ஐயா! ஐயாவுக்கு எடம் குடுங்கடீ.”

அப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“இருக்கட்டும்மா, நீங்க உக்காருங்க,” என்றார். ஆனால் உட்கார்ந்தார்.

யாருக்கும் சிரிக்க வரவில்லை. எழுந்து இடம் கொடுத்திருந்தவள் தலைவிதான். அவள் யார் வீட்டுப் பெண் என்று அப்பா விசாரித்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதில் விழாத குரலில், அவள் தன் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

“அட, உங்கப்பா அளத்துலதாம்மா நான் வாரிக்கினு இருக்கேன். உங்கப்பா என்ன ஏம்பான்னுதான் கூப்புடுவாரு. நீ ஐயான்ற. படிச்ச புள்ளன்னா இதான்.”

புதுச்சேரி வரும்வரை அவர் அவர்களிடம் அவரவர் சாப்பாட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தார். அதில் கேலி இல்லை.

துறை அறையில் பேராசிரியர் என்னிடம் கேட்டது நேரான கேள்வி: நீ வகுப்பில்தான் இருந்தாய் என்றால் ஏன் பதில் சொல்லவில்லை? விடை ஒரே சொல். அதைச் சொன்னால் கையெழுத்து கிடைக்கும். ஆனால் அந்தச் சொல் இப்போது அப்பாவிடம் இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்.

“பசங்கல்லாம் தங்கமான பசங்கம்மா. பஸ்ல என்ன ஐயான்னு கூப்ட்டு எடம் குடுத்தாங்க.”

பேராசிரியர் பேனாவை மூடினார். என் பழைய முறையீடு அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நான் தொண்டை சரியில்லை என்று சொன்னேன். மூன்று மாதமாகவா என்று அவர் கேட்கவில்லை. பரிந்துரைத் தாளை இழுப்பறைக்குள் வைத்தார்.

“நாளைலேருந்து தெனம் உன் குரல் எனக்குக் கேக்கணும். இந்த மாசம் முழுக்கக் கேட்டாத்தான் கையெழுத்து. பின்வரிசைய நான் பாத்துக்கறேன்.”

அப்பா அவருக்கு இரண்டு கைகளாலும் வணக்கம் சொன்னார். அன்று இரவு அம்மாவிடம் பேருந்துக் கதையைச் சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் இன்னொரு முறை சொன்னார். அடுத்த முறை புதுச்சேரிக்கு எப்போது போகவேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

கையெழுத்து கிடைத்தது, தேர்வு எழுதினேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்வரிசையைப் பேராசிரியர் பார்த்துக்கொள்வார். பின்னிருக்கைக்கு அவர் வர முடியாதே.

மறுநாள் காலை பேருந்தின் பின்கதவு வழியாக ஏறினேன். கடைசி இருக்கையில் தலைவிக்குப் பக்கத்தில் கிடந்த பைகளை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வெகுநாள் பேசாத குரல் கொஞ்சம் கரகரத்தது.

“எங்கப்பா நம்பிட்டாரு. இனிமே எங்க பாத்தாலும் அவர ஐயான்னுதான் கூப்புடணும். உங்கப்பா பக்கத்துல இருந்தாலும்.”

அவள் தலையசைத்தாள். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று, அந்த ‘ங்க’வை விடமுடியாமலே, கேட்டாள்.

பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். சொன்னாள். என் பெயரின் நடுவே ஒரு ழகரம் உண்டு. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவள் அதை யகரமாக்கிவிட்டாள். நாக்கை மேலே மடிக்க வேண்டும் என்று விளக்கி, ழகரம் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன்.