சந்தனம் வைத்த கம்ப்யூட்டருக்கு ஒரு நெட்வொர்க் கார்டு

நான் எட்டாவது வரைதான் படித்தவள். ஆனாலும் எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை யாராவது குப்பை என்றால் எனக்குப் பொறுக்காது. மகளுக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலை அதை நம்பித்தான் கிடைத்திருந்தது. வயர் வழியாக இணையம் வர வேண்டும், திங்கட்கிழமை காலை வேலையில் உட்கார வேண்டும் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். தவறினால் இடம் வேறொருவருக்கு.

சனிக்கிழமை பார்த்தால் இணையம் வரவே இல்லை. சிபியுவைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மகளோடு ஆட்டோவில் புத்தூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அதன் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“நெட் வயர் சொருகுற ஓட்டைக்குள்ள என்னம்மா இது, மஞ்சளா?”

“சந்தனங்க. ஆயுத பூஜைக்கு வெச்சது.”

உலகமே அந்த ஓட்டை வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது என்று மகள் எப்போதோ சொல்லியிருந்தாள். அதனால் மற்ற இடத்தில் பொட்டு, அங்கே மட்டும் கரைத்த சந்தனத்தைத் தாராளமாகவே வைத்திருந்தேன். உள்ளே கம்பியெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

“சாமி கும்பிட்டே கொன்னுட்டீங்களேம்மா!”

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மகள் தலை குனிந்தாள். நான் குனியவில்லை. பெருமாளுக்குச் சாற்றுவதைத்தானே அதற்கும் வைத்தேன்?

“தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்குங்க. தவணையில தரேன்.”

“முழுசா செத்துப்போச்சா, அந்த ஓட்டை மட்டுந்தானா?”

“ஓட்டை மட்டுந்தான்.”

“அப்ப அதுக்கு வழி சொல்லுங்க. பல்லு போச்சுன்னா ஆளையா மாத்துவாங்க?”

நெட் வயர் சொருக வேறு ஓட்டையுள்ள கார்டு ஒன்றை உள்ளே போட்டால் போதும் என்று அப்போதுதான் அவர் வாயிலிருந்து வந்தது. பளபளப்பான பெட்டியில் புது கார்டு ஒன்றை எடுத்து விலையைச் சொன்னார். பொருத்திக் காட்டினால்தான் காசு என்றேன். மூடியைத் திறந்தார். கார்டைச் சொருக எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது நீளமான பழைய வெள்ளை ஸ்லாட். புது கார்டு அதில் உட்காரவில்லை.

“பாத்தீங்களா? அவ்வளவு பழசு!”

“பழசுக்கு ஏத்தது உங்ககிட்ட இல்லாமயா போயிடும்? தேடுங்க.”

முன்பக்க யு.எஸ்.பி.யில் சொருகும் சின்ன அடாப்டர் ஒன்றைக் காட்டினார். எங்கள் யு.எஸ்.பி. ஓட்டைகள் தொட்டாலே ஆடும். வேண்டாம் என்றேன். கடைசியில் அலமாரிக்கு அடியில் இருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார். பழைய மெஷின்களில் கழற்றிய கார்டுகள். ஒன்றைத் துடைத்து எடுத்தார்.

“இது சரியா உக்காரும், விலையும் கம்மி. ஆனா வாரண்டி கிடையாது.”

“வாரண்டிய ரெங்கநாதர் பாத்துப்பார். நீங்க இங்கயே ஓட்டிக் காட்டுங்க.”

வயரைச் சொருகினார். கார்டின் ஓரத்தில் பச்சை விளக்கு மினுக்கியது. மகள் தன் கம்பெனிப் பக்கத்தைத் திறந்தாள். அவள் பெயர் வந்து நின்றதும் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“அடுத்த வருஷம் சந்தனமெல்லாம் வேண்டாம்மா” என்றார் கடைக்காரர்.

“வைப்பேங்க. மூக்குல வெச்சதுதான் தப்பு. இனிமே நெத்தியில வைப்பேன்.”

திங்கட்கிழமை காலை விளக்கேற்றிவிட்டு வந்தேன். மகள் அதற்குள் வேலையில் உட்கார்ந்துவிட்டாள். காபியைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைக்கப் போனேன்.

“அங்க வேண்டாம்மா, தள்ளி வை” என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

என் வீட்டில் எனக்கே உத்தரவு. அந்த ஒன்றுக்கு மட்டும் அடங்கி, தள்ளி வைத்தேன்.