தச்சர் சம்பந்திக்கு ஒரு சீன வாசகம்

சம்பந்தியோடு வீடியோவில் முதல் தடவை பேச வேண்டிய நாள். காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தேன். புடவையை மாற்றினேன், மறுபடி பழையதையே கட்டினேன். "செத்த ஒக்காரேன்" என்றார் கணவர். அவருக்கென்ன, பேச வேண்டியவள் நான்.

சீனாவுக்கு வேலைக்குப் போன எங்கள் ஒரே பெண், அங்கேயே ஒரு பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அப்புறம்தான் மயிலாப்பூருக்குத் தகவல் சொன்னாள். மாதக்கணக்கில் அவளிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள், "அவர் அப்பாகிட்ட மனசார நாலு வார்த்தை பேசிடும்மா, அது போறும்" என்று அழுதாள். சரி என்றேன். வாய் சரி சொல்லிவிட்டால் மனசு கேட்டுவிடுமா?

பையனின் அப்பா தச்சர். அதனால் தச்சு வேலையிலிருந்து வந்த சீன வாசகங்களாகத் தேடி, தி.நகர் பஸ்ஸில் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனேன். தேர்ந்த தச்சன் வாசலில் போய்க் கோடாலி வீசுவது என்றால் அதிகப்பிரசங்கித்தனம். கயிற்றாலேயே மரத்தை அறுப்பது என்றால் விடாமுயற்சி. சதுர முளை, வட்டத் துளை என்றால் பொருந்தாத ஜோடி. அதைப் படித்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அந்தப் பையனின் படத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது அதுதான்.

கடைசியில் ஒன்றைப் பிடித்தேன்: மரம் படகாகிவிட்டது. காரியம் ஆகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று அர்த்தம் போட்டிருந்தது. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றிக்கொள்வதும் அதற்குத்தானே? இதைவிட மங்களமாக என்ன வேண்டும்!

திரையில் அவர் வந்ததும் கைகூப்பி, சீனத்திலேயே சொன்னேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்தில் தன் கணவனோடு உட்கார்ந்திருந்த என் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, இங்க கல்யாணத்துக்கு அதைச் சொல்ல மாட்டா. பிடிக்காதது நடந்துடுத்து, இனிமே என்ன பண்றதுன்னு சலிச்சுக்கறச்சே சொல்றது." கொஞ்சம் நிறுத்தினாள். "நீ அப்படித்தான் நெனச்சிண்டிருக்கியா?"

நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

அதற்குள் சம்பந்தி ஏதோ சொன்னார். மொழிபெயர்க்கத் தயங்கினாள். "இவர் போய்க் கல்யாணத்தைச் சொன்னன்னிக்கு, இவர் அப்பாவும் இதையேதான் சொன்னாராம்." அவளுக்கே அது புதுச் செய்தி என்பது குரலில் தெரிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் பொண்ணுக்கு என்ன கொறச்சலாம்? கேளு அவரை!" என்றேன்.

அவள் கேட்கவில்லை. கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.